மீன் போகாத தெரு

செத்துப்போவதற்குள் என் பெண்டாட்டியை ஒரே ஒரு தடவையாவது ஏமாற்றிவிடுவது என்று போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சபதம் எடுத்தேன். காசிமேட்டில், ஐஸ் கம்பெனிக்குள் நின்றுகொண்டு எடுத்த சபதம். சுற்றிலும் சாட்சிக்கு ஐஸ் கட்டிகள்தான். பின்னால் எவனும் வந்து, 'வேலப்பா, அன்றைக்கு என்னமோ வீராப்பாகச் சொன்னாயே' என்று கேட்க முடியாது. சாயங்காலத்துக்குள் எல்லாச் சாட்சியும் உருகிவிடும்.

எதற்கு இத்தனை முன்ஜாக்கிரதை என்று கேட்பீர்கள். உங்களுக்குச் சிவந்தியைத் தெரியாது. மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். செவுளைத் தூக்கிப் பார்த்து, இது இன்றைக்குப் பிடித்ததா, முந்தாநாள் பிடித்து ஐஸில் போட்டதா என்று சொல்லிவிடுவாள். என் விஷயத்தில் அவளுக்குச் செவுள்கூட வேண்டாம். முகத்தைப் பார்த்தாலே போதும். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் நான் சொன்ன எந்தப் பொய்யும் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் தாங்கியதில்லை.

அவளை ஏமாற்றி நான் அடைய நினைத்தது நகையோ நிலமோ இல்லை. ஒரு டீ.

சிரிக்காதீர்கள். காலை ஆறு மணியிலிருந்து மதியம் மூன்று மணி வரைக்கும் படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுவது என் வேலை. வேலை முடிந்து வெளியே வந்தால் பத்து விரலும் மரத்துப்போய், இவை என்னுடையவையா, கம்பெனியுடையவையா என்றே தெரியாது. அந்த விரல்களால் சூடான ஒரு கிளாஸைச் சுற்றிப் பிடித்தால், உயிர் ஒவ்வொரு விரலாகத் திரும்பி வரும். இதை ஐஸ் உடைத்தவனுக்குத்தான் சொன்னால் புரியும்.

நாலு மணிக்கு மார்க்கெட்டிலிருந்து சிவந்தி வருவாள். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவுவாள். மூன்றாவது தடவையும் மீன் வாசனை போகாது. 'போ, நீயும் வூட்டு ஆள்தான்' என்று அந்த வாசனையிடம் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். எனக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை, அவளுக்கு ஒன்றரை. இரண்டு பேரும் வாசல் படியில் உட்கார்ந்து குடிப்போம். டீ தீர்கிறவரைக்கும் அவள் பேசுவாள். எவன் படகில் இறால் அள்ளியது, எவன் படகு வலையைக் கிழித்துக்கொண்டு வெறுங்கையோடு வந்தது, ஏலத்தில் யாருக்கும் யாருக்கும் சண்டை, எல்லாம் வரும். மற்ற நேரத்தில் அவள் வியாபாரி, நான் ஐஸ்காரன். நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தது அந்த இருபது நிமிஷம்தான்.

அதில் வந்து விழுந்தது சர்க்கரை வியாதி.

டாக்டர் எழில்மொழி சின்ன வயசுப் பெண். ரிப்போர்ட்டைப் பார்த்தார். மூன்று மாதச் சராசரி ஒன்பது புள்ளி நாலு என்றார். பரீட்சையில் நான் வாங்காத மார்க்கெல்லாம் இப்போது வாங்குகிறேன் என்று சொல்லிச் சிரித்தேன். கூட யாரும் சிரிக்கவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?"

"ரெண்டு, டாக்டர்."

"ஏழு," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிவந்தி.

"எத்தனை ஸ்பூன் சர்க்கரை?"

"ஒண்ணு."

"வூட்ல மூணு. கடைல நாலு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "டீ உங்களுக்கு எதிரி இல்லைங்க. அதுல போடுற சர்க்கரைதான் எதிரி. சர்க்கரை இல்லாம, பால் கம்மியா, ஒரு நாளைக்கு ரெண்டு டீ தாராளமா குடிக்கலாம். சாப்பிட்ட கையோட குடிக்காதீங்க, சாப்பாட்டுல இருக்கிற இரும்புச்சத்து உடம்புல சரியா சேராது. ராத்திரியும் வேணாம். தூக்கம் கெட்டா சர்க்கரையும் ஏறும்."

"கருப்பட்டி போட்டுக்கலாமா டாக்டர்? ஒண்ணியும் பண்ணாதுன்னு வாட்ஸப்புல வந்துது."

"கருப்பட்டியோ வெல்லமோ, ரத்தத்துக்குள்ள போயிட்டா எல்லாம் ஒண்ணுதான்."

"தேனு?"

"யோவ், கம்முனு குந்து," என்றாள் சிவந்தி.

"மாத்திரையை விடாம போடுங்க. தினமும் ஒரு மணி நேரம் நடங்க," என்றார் டாக்டர்.

"நாள் பூரா நின்னுகினேதான் டாக்டர் கீறேன்."

"நிக்கிறது நடக்கிற கணக்குல வராது."

வரும் வழியில் சிவந்தியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். 'வேலை இல்லாதவன்தான் நடப்பான். எனக்குத் தெருக்கோடிக்குப் போகவே கால் வலிக்கிறது. இந்த வாக்கிங் விவகாரமெல்லாம் என்னிடம் வேண்டாம்.' அவள் பதில் ஒன்றும் சொல்லவில்லை. சிவந்தி பதில் சொல்லாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

அன்றைக்கு நாலு மணிக்குச் சர்க்கரை இல்லாத டீ வந்தது. என் கிளாஸில் மட்டுமில்லை, அவள் கிளாஸிலும் சர்க்கரை இல்லை. "நானும் வுட்டுட்டேன்," என்றாள். இங்கேதான் நான் வாயை மூடிக்கொண்டு குடித்திருக்க வேண்டும். விதி யாரை விட்டது? ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாமே இது, போட் கழுவுன தண்ணி மாதிரி கீது," என்று சொல்லி, மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றினேன்.

அவள் தன் டீயை நிதானமாகக் குடித்து முடித்தாள். எழுந்தாள். டீத்தூள் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு ஐரீனிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

"இனிமே இந்த வூட்ல டீ கெடியாது."

மறுநாளிலிருந்து எனக்கு வெந்தயத் தண்ணீர். அவள் படியில் உட்காரவில்லை. உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். படியில் அவள் உட்காருகிற பக்கத்தை விட்டு, என் பக்கத்தில் மட்டும் ஒதுங்கி உட்கார்ந்து வெந்தயத் தண்ணீரைக் குடித்தேன். எவன் படகில் என்ன வந்தது என்றே தெரியாமல் நாள் போனது. துறைமுகத்திலேயே வேலை செய்கிற எனக்கு, துறைமுகத்துச் சங்கதி தெரியவில்லை. சோறு இறங்கவில்லை என்று சொல்லமாட்டேன், இறங்கியது. ஆனால் நாலு மணி ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று டீ வேண்டும் டீ வேண்டும் என்று குழந்தை மாதிரி அழும்.

அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடித் திருமலை கடைக்குப் போனேன்.

"அண்ணாத்தே, உனக்கு டீ கெடியாது," என்றான் திருமலை.

"ஏன், பால் இல்லியா?"

"பால் கீது. உனக்குக் கெடியாது. அக்கா சொல்ட்டுப் போயிக்கீது."

"கடை உன்னுதா, அக்காவுதா?"

"கடை என்னுது. மீனு அக்காவுது. உனக்கு ஒரு டீ ஊத்துனா, ஜென்மத்துக்கும் எனக்குச் சங்கரா மீனு கெடியாதுன்னு சொல்ட்டுது. நான் புள்ளகுட்டிக்காரன் அண்ணாத்தே."

அடுத்த தெருவுக்குப் போனேன். அங்கேயும் அக்கா. ராயபுரம் போனேன். அக்கா எனக்கு முன்னாலேயே போயிருந்தாள். எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தால் உங்களுக்கு இது புரியும். காசிமேட்டில் மீனை எடுத்துக் கூடையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்கிற பெண்களுக்கு ஆளுக்கொரு லைன் உண்டு. ஒருத்தி லைனில் இன்னொருத்தி கால் வைக்கமாட்டாள். கூடையை இறக்குவது எங்கே? டீக்கடை வாசலில். முதல் போணி யார்? டீ மாஸ்டர். அந்தப் பெண்களுக்கெல்லாம் மீன் எடுத்துக் கொடுக்கிறவள் யார்? அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கடைசி முயற்சியாக ஷேர் ஆட்டோவில் ஏறி டோல்கேட்டுக்கே போய்விட்டேன். டீ வந்தது. கிளாஸ் கைக்கும் வந்துவிட்டது. உதட்டுக்குக் கொண்டுபோகிற நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அதை வாங்கிக்கொண்டது. டோல்கேட் லைன் பச்சையம்மா.

"இன்னா மாமா, இம்மாந்தூரம்?" என்று கேட்டுக்கொண்டே என் டீயை முழுசாகக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "சக்கர தூக்கலா கீது. நல்ல வேள நீ குடிக்கல," என்றாள்.

"நான் வர்றது உனுக்கு எப்புடித் தெரியும்?"

"நீ ஆட்டோல ஏறுனதுமே போன் வந்துச்சு."

என் மச்சான் துரை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அந்த ரோடில் ஓடுகிற ஆட்டோக்காரர்கள் அத்தனை பேரும் அவனுக்குத் தோஸ்து. பஸ்ஸில் போகலாம் என்றால் ஸ்டாப்பிங் சரியாகச் சிவந்தி கடைக்கு எதிரில். ஆக, இனி எங்கே போவதானாலும் சந்துபொந்து வழியாகக் கால்நடையாகத்தான் போக வேண்டும்.

இந்த நிலைமையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். மீன் கூடை போகிற இடமெல்லாம் எனக்கு டீ கிடையாது, சரி. அப்படியானால் மீன் கூடையே போகாத தெரு ஒன்று இருந்தால்? கையிலிருந்த சம்மட்டியைக் கீழே போட்டேன். பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்குப் பின்னால், சேட்டு வீடுகளாக இருக்கிற ஒரு சந்து உண்டு. முட்டைகூடத் தொடாத ஜனங்கள். அங்கே இதுவரைக்கும் ஒரு மீன் கூடையும் இறங்கியதில்லை. அங்கே ஒரு டீக்கடை இல்லாமலா போய்விடும்? உலகத்தில் இந்த மாதிரி யோசனை எனக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்துப் பூரித்துப்போனேன். சபதம் எடுத்தது அப்போதுதான்.

பொய் ஒன்று வேண்டுமே. அதையும் மூளையைக் கசக்கித் தயார் செய்தேன்.

"எங்க கெளம்பிட்ட?" என்று அன்று சாயங்காலமே கேட்டாள் சிவந்தி.

"டாக்டரம்மா சொன்னாங்கல்ல. வாக்கிங்."

சிவந்தி என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். செவுளைத் தூக்கிப் பார்க்கிற அதே பார்வை. அப்புறம், "போயி வா. நல்லதுதான?" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். நம்பிவிட்டாள்! ஒரு வாரம் கழித்து எனக்குக் கேன்வாஸ் ஷூகூட வாங்கிக் கொடுத்தாள். அதைக் காலில் மாட்டும்போது, பாவி, இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறாயே என்று மனசாட்சி கேட்டது. மனசாட்சிக்குப் பதில் சொல்ல நேரமில்லை. டீ ஆறிவிடும்.

அந்தச் சந்தில் கடை வைத்திருந்தவன் பெயர் பன்வாரி. ராஜஸ்தான்காரன். ஆனால் பிறந்து வளர்ந்தது இங்கேயே என்பதால், "இன்னா சார், ஸ்ட்ராங்கா லைட்டா?" என்றான். அரை மணி நேரம் விடாமல் நடந்து, நாக்கு வறண்டு, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்து நின்றவனுக்கு அந்தக் கிளாஸைக் கொடுத்தான். இஞ்சி, ஏலக்காய். விரல்களுக்கு உயிர் வந்தது. ஒன்று, இரண்டு என்று பத்தும் வந்து சேர்ந்தன. அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். இனிப்பு கொஞ்சம் கம்மிதான். சேட்டு தெருவில் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை தூரம் நடந்து வந்தவன் இனிப்பைப் பற்றிப் பேரம் பேசுவானா?

தினமும் போனேன். அரை மணி நேரம் போக, அரை மணி நேரம் வர. மழையிலும் குடை பிடித்துக்கொண்டு போனேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். டீ கிடைத்துவிட்டது, பேச்சு கிடைக்கவில்லை. பன்வாரிக்கு வேலை ஜாஸ்தி. பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற இடம் காலியாகவே இருக்கும். யாராவது உட்கார வந்தால், ஆள் வருது என்று வாய் தவறிச் சொல்லிவிடுவேன். யாரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஒரு நாள் பார்சல் டீ ஒன்று வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவளுக்கு. சூடு ஆறாமல் இருக்க சட்டைக்குள் வைத்துக்கொண்டு பாதி வழி வந்த பிறகுதான், இதை என்னவென்று சொல்லி அவள் கையில் கொடுப்பது என்று தோன்றியது. ரோட்டோரமாக நின்று நானே குடித்தேன். அதுதான் அந்த நாலு மாதத்தில் நான் குடித்த ருசி இல்லாத டீ.

கார்த்திகையில் மறுபடியும் ரத்தப் பரிசோதனை. டாக்டர் எழில்மொழி ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார்.

"ஏழு புள்ளி ஒண்ணு! என்னங்க செஞ்சீங்க?"

நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே வாணவேடிக்கை. நாலு மாதமாகத் திருட்டு டீ குடித்து, அதனாலேயே சர்க்கரையைக் குறைத்துக் காட்டியவன் நான். டாக்டர் படிப்பையும் ஜெயித்தாகிவிட்டது, சிவந்தியையும் ஜெயித்தாகிவிட்டது.

"நடக்கறாரு டாக்டர்," என்றாள் சிவந்தி.

"ரொம்ப நல்லது. மாத்திரையைத் தொடர்ந்து போடுங்க. முடிஞ்சா நடையை இன்னும் அரை மணி நேரம் கூட்டுங்க."

அன்று சாயங்காலம் வெற்றி விழாக் கொண்டாட வண்ணாரப்பேட்டைக்கு விறுவிறுவென்று நடந்தேன். சந்துக்குள் திரும்பினேன். பெஞ்சில் எனக்குப் பக்கத்து இடத்தில், காலியாகவே இருக்கும் என்று சொன்னேனே, அதில் சிவந்தி உட்கார்ந்திருந்தாள்.

ஓடலாமா என்று பார்த்தேன். நல்ல ஷூதான். ஆனால் வாங்கிக் கொடுத்தவள் அவளாயிற்றே.

"குந்து," என்றாள்.

குந்தினேன். "நீ இங்க இன்னா பண்ற?"

"டீ குடிக்க வந்தேன். ஏன், எனுக்கின்னா சுகரா?"

"எப்புடிமே தெரிஞ்சுது? இந்தத் தெருவுல மீனே வராதே!"

"அதான்யா. மீனு வராத தெருவா எங்க கீதுன்னு தேடிகினுதான் நீ போவன்னு எனுக்குத் தெரியாதா? நீ வர்றதுக்கு முன்னாடியே நான் வந்து பேசிட்டுப் போய்ட்டேன்."

"அக்கா வெள்ளிக்கெழம வருவாருன்னு சொல்லிச்சு," என்றான் பன்வாரி, டீயை ஆற்றிக்கொண்டே. "நீ நாலு நாள் லேட்டு சார்."

எனக்குத் தலை சுற்றியது. சர்க்கரை குறைந்ததால் இல்லை.

"எல்லாக் கடையும் சாத்துன. இத மட்டும் ஏன் தொறந்து வுட்ட?"

"வூட்லேந்து அர மணி நேர நடைல வர்ற கடை இதான். போவ அர, வர அர. டாக்டரம்மா எவ்ளோ நேரம் நடக்கச் சொன்னாங்க?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், சரியாக ஒரு மணி நேரம்.

"நடய்யான்னு நான் சொல்லியிருந்தா நடந்திருப்பியா? தெருக்கோடி தாண்டியிருக்க மாட்ட."

"அப்போ சக்கர?" என்று பன்வாரியைப் பார்த்தேன்.

"மொத வாரம் ஒண்ணர ஸ்பூனு சார். அப்பால ஒண்ணு. அப்பால அர. ரெண்டு மாசமா ஒண்ணியும் போடறதில்ல. அக்கா ஆர்டரு."

நாலு மாதமாக நான் சொன்ன பொய்தான் என் வாழ்க்கையிலேயே நான் பேசிய பெரிய உண்மை என்று அந்த நிமிஷம்தான் புரிந்தது. வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டு நிஜமாகவே வாக்கிங் போயிருக்கிறேன். திருட்டு டீ என்று நினைத்து டாக்டர் எழுதிக் கொடுத்த டீயைக் குடித்திருக்கிறேன்.

பன்வாரி இரண்டு கிளாஸைக் கொண்டுவந்து வைத்தான். சிவந்தி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். விரல்கள் என்னுடையவைதான் என்று தெரிந்தது. அவள் ஒரு வாய் குடித்தாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒரு போட்ல வவ்வாலு மீனு, பெட்டி பெட்டியா," என்று ஆரம்பித்தாள். "ஏலத்துல சுகிர்தமும் பச்சையம்மாவும் குடுமிப்புடி சண்ட..."

நாலு மாதத்து மீன், நாலு மாதத்துச் சண்டை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போனாள். இவ்வளவையும் பாயில் படுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் எப்படித்தான் அடக்கி வைத்திருந்தாளோ. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இஞ்சி ஜாஸ்தி என்று பன்வாரி மேல் பழியைப் போட்டேன். இந்த டீ தீரவே கூடாது என்று இருந்தது. தோற்றவன் நான்தான், ஆனால் அந்த நேரத்தில் வண்ணாரப்பேட்டையிலேயே என்னைப் போலச் சந்தோஷமான ஆள் வேறு எவனும் இல்லை.

"நாளைக்கும் வர்றியா?" என்று கேட்டேன்.

"வர்றேன். டெய்லியும் வர்றேன். ஆனா இங்க இல்ல."

"ஏன்?"

"டாக்டரம்மா இன்னும் அர மணி நேரம் கூட்டச் சொல்லிக்கீறாங்கல்ல? நாளைலேந்து பன்வாரி உனுக்கு டீ ஊத்த மாட்டான். சவுக்கார்பேட்டைல இவன் தம்பி கடை போட்டுகினு கீறான். பேசிட்டேன்."

"சவுக்கார்பேட்டையா! நாள் பூரா மார்க்கெட்ல ஒழச்சிட்டு அம்மாந்தூரம் உன்னால எப்புடிமே நடக்க முடியும்?"

"நான் ஏன் நடக்கப் போறேன்? எனுக்குத்தான் துரை ஆட்டோ கீதே. நீ நட." கிளாஸைக் கீழே வைத்தாள். "நாலே முக்காலுக்கு டீ வந்துரும். லேட்டு பண்ணுனா உன் டீயையும் நானே குடிச்சிட்டுக் கெளம்பிடுவேன்."

இப்போதெல்லாம் நான் ஓடுகிறேன்.